ஒன்றேகால் பவுண்

ஐப்பசி மழை விட்ட காலை.
கஸ்தூரியார் வீதியில்
ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன்.
கண்ணாடியில் டொக் என்றது.
குனிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
என் வயதுக்காரருக்கு அது பழக்கம்.

படியில் ஒரு குருவி.
முதுகு சாம்பல்.
நெஞ்சு, உலையிலிருந்து எடுத்து ஆறவிட்ட செம்பு,
அந்தச் செம்பைச் சுற்றிக்
கரிய அரக்கு வைத்து அடைத்ததுபோல் ஒரு விளிம்பு.

காப்புப் பெட்டியின் வெல்வெட்டில் ஏந்தி வந்தேன்.
பத்தர் வடிவேற்கரசன் ஏனென்று கேட்கவில்லை.
தராசைத் தட்டிப் பூச்சியமாக்கினார்.
காற்றுப் படாத கண்ணாடிக் கூட்டுக்குள்
அது கண்மூடிக் கிடக்க
சிவப்பு எண்கள் நடுங்கின.
10.02.
மூச்சு வாங்கியது, 10.01.
"ஒண்டேகால் பவுண்" என்றார்.
"இண்டைய விலைக்கு..." என்று தொடங்கி
வாயை மூடிக்கொண்டார்.

வாளியோடு வந்த சந்தனமேரி எட்டிப் பார்த்தாள்.
ராகலைக்காரி. இங்கே கண்ணாடி துடைக்க வந்து
மூன்று வருடம்.
"இது நம்ம தோட்டத்துக்கு வாறதுல்ல?
லயத்துக்குப் பின்னால ஓடக்கரை மரத்துல நிக்குமே.
வால ஆட்டாது. வெடுக்குனு தூக்கும், மெதுவா எறக்கும்.
கீழ விழுந்து ஒரு பூச்சியக் கொத்திட்டு
மறுபடி அதே கொப்புக்கு வரும்.
பொம்மைக்குச் சாவி குடுத்தாப்ல
கிர்ர்னு ஒரு சத்தம்."
பெயர் என்ன என்றேன்.
"பேரெல்லாம் வைக்கல்ல.
பங்குனியில போயிருமே."

பிறகு தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இதுல சாக்குக் கழிவு இல்லையா?"
அவள் அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில்
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று
கிலோக்கள் கழியுமாம்.
"நாங்க சேதாரம் எண்டு போடுவம்,"
என்றார் பத்தர். "பேர்தான் வேறை."

புறப்படும்போது இதன் நிறை என்னவாக இருந்திருக்கும்?
கடலுக்கு மேல் கழிந்தது எவ்வளவு,
அது யார் கணக்கில்?

எட்டே முக்காலுக்குக் கண் திறந்தது.
வால் வெடுக்கென்று எழுந்து மெதுவாக இறங்கியது,
அடியில் இரண்டு வெள்ளைத் திட்டு.
சந்தனமேரி ஓடிப்போய் மின்விசிறிகளை நிறுத்தினாள்.
தாலிக்கொடிகளுக்கு மேலே ஒரு சுற்று,
லட்சுமி படத்தின் மின்மாலையில் ஒரு கணம்,
ஷட்டருக்குக் கீழால் வெளியே.
தெற்குப் பக்கமா என்று கேட்காதீர்கள்.
எதிர்க்கடை வயர்ச் சிக்கலுக்குள் போனது.

தராசில் ஒரு துளி எச்சம்.
0.14.

பின்னேரம் முதலாளி கொப்பியைத் திருப்பினார்.
"இதென்ன பத்து கிராம்?
வரவில கிடக்கு, செலவில காணேல்லை."
கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது.
"ராகலைக்குப் போயிருச்சுங்க"
என்றாள் சந்தனமேரி, துணியைப் பிழிந்தபடி.
அவர் சிரிக்கவில்லை. வரியை வெட்டினார்.
வெட்டிய கோட்டுக்கு அடியில்
எண் இன்னும் தெரிகிறது.

இரவு தேடிப் படித்தேன்.
காஷ்மீர் ஈப்பிடிப்பான்.
பனி உருகும் பள்ளத்தாக்குகளில்
மரப்பொந்துக்குள் முட்டை.
குளிர் திரும்பமுன்னே தெற்கு நோக்கி
இந்தியாவின் நீளம் முழுவதும்,
பிறகு கடல்.
எந்த வழியால் கடக்கிறது என்று
எவரும் உறுதியாய்ச் சொல்லவில்லை.
மலை ஏறினால்தான் தங்கும்.
குன்று ஒன்றில்லாத எங்கள் குடாநாடு
அதற்கு ஓர் ஊரே அல்ல;
மழை இருட்டில் ஒரு பனங்கூடல்,
ஒரு வெளிச்சம், ஒரு கண்ணாடி.

பாட்டைத் தேடினேன்.
பாட்டைப் பெரும்பாலும் அங்கேயே வைத்துவிட்டு வருகிறதாம்.
இங்கு கொண்டுவருவது
அந்தக் கிர்ர் மட்டும்.

தைப்பொங்கலுக்குச் சந்தனமேரி ஊருக்குப் போகிறாள்.
கண்டால் போனில் எடுத்து அனுப்பு என்றேன்.
"அதே குருவிதான்னு எப்படித் தெரியும்?"
நிறுத்துப் பார் என்றேன்.

"எந்தத் தராசுல?"